பிள்ளை பெற்ற வயிறு கூடாமல் நின்றால்: துணிக்கட்டு, பயிற்சி, அறுவை – எது யாருக்கு?

குழந்தைக்கு ஏழு மாதம். எடை ஏறக்குறைய பழையபடி இறங்கிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் தருகிறார்கள், "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் அம்மா, "அப்பவே துணி கட்டுன்னு சொன்னேன், கேட்டியா" என்கிறார். ஜிம்மில் பிளாங்க் போடச் சொல்கிறார்கள். டாக்டர், "ஹெர்னியா இல்ல, ஒண்ணும் பண்ண வேணாம்" என்று அனுப்பிவிடுகிறார். போனைத் திறந்தால் அறுவை சிகிச்சை விளம்பரம். இந்த நான்கில் எதைக் கேட்பது என்று திணறும் பெண்களுக்காக இந்த ஒப்பீடு.

முதலில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வோம். நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பின் முன் எலும்பு வரை இரண்டு பட்டைத் தசைகள் செங்குத்தாக இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் இணைப்பது வெண்மையான ஒரு நார்த்திசு. இதை 'நடுப்பட்டை' என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பத்தில் வயிறு வளர வளர இந்த நடுப்பட்டை அகன்று மெலிகிறது, தசைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. டாக்டர்கள் இதை டயஸ்டாசிஸ் ரெக்டை என்பார்கள். தையல் பிரிந்ததாக நினைத்துப் பயப்பட வேண்டாம், துணி இழுபட்டு நைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துணியில் ஓட்டை விழுந்தால் அதன் பெயர் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

## தேர்வு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

அகலமும் இறுக்கமும். வீட்டிலேயே பார்க்கலாம். மெத்தையில் வேண்டாம், தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். விரல்களைத் தொப்புளின் குறுக்காக, விரல்நுனி உள்ளே பார்க்கும்படி வையுங்கள். மூச்சை விட்டபடியே தலையை மட்டும், தோள்பட்டை தரையை விட்டு லேசாகக் கிளம்பும் அளவுக்குத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு தட்டுப்படும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொப்புளுக்கு மேலே மூன்று விரல் தள்ளியும் கீழே மூன்று விரல் தள்ளியும் இதையே செய்யுங்கள். ஒரு விரல் சுமார் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. என்று கொள்ளலாம். தலையை அதிகமாகத் தூக்கினால் இடைவெளி தானாகவே குறைந்து காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது விரலுக்கு அடியில் தெரியும் இறுக்கம். மத்தளத் தோலை அழுத்துவதுபோல விரலைத் திருப்பித் தள்ளுகிறதா, ஊறிய அப்பளம்போல உள்ளே இறங்குகிறதா? மூன்று விரல் அகலம் இருந்தும் நடுப்பட்டை விறைத்து நிற்பவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்கிறார்கள். இரண்டு விரல்தான், ஆனால் பொதபொதவென்று இறங்குகிறது என்றால் அவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை.

ஐரோப்பிய ஹெர்னியா சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 2 செ.மீ.க்கு மேற்பட்டதை விலகல் என்கிறது. 2 முதல் 3 செ.மீ. வரை முதல் படி, 3 முதல் 5 வரை இரண்டாம் படி, 5-க்கு மேல் மூன்றாம் படி. குழந்தையே பெறாத பெண்களிடமும் தொப்புளுக்குச் சற்று மேலே 2 செ.மீ. அளவு இடைவெளி இயல்பாகவே இருப்பதுண்டு. 'ஒரு விரல்கூட இறங்கக் கூடாது' என்பது தவறான இலக்கு.

ஹெர்னியா இருக்கிறதா. நின்று இருமும்போது தொப்புளிலோ நடுக்கோட்டிலோ ஒரு புள்ளியில் மட்டும் கட்டிபோல் துருத்துகிறதா? நீளவாக்கில் கூரை முகடு மாதிரி எழும்பினால் அது விலகல். கோலிக்குண்டு மாதிரி ஓரிடத்தில் எழும்பினால் ஹெர்னியாவாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். துருத்தல் உள்ளே போகாமல் கல்லாகி, வலி, வாந்தி, தோல் நிறமாற்றம் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பிரசவமாகி எத்தனை நாள். நார்வேயில் முதல் பிரசவமான 300 பெண்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேருக்கும், ஓராண்டில் 33 சதவீதம் பேருக்கும் விலகல் இருந்தது. உடல் தானாகத் தேறும் வேகம் முதல் எட்டு வாரத்தில்தான் அதிகம். பிறகு அது மெதுவாகிவிடும்.

இன்னொரு குழந்தை உண்டா. அறுவையைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியே பாதி முடிவு.

எது தொல்லை. குழந்தையைத் தூக்கும்போது வயிறு கூம்புகிறதா (நடுக்கோடு முகடாக எழும்புகிறதா), இருமினால் சிறுநீர் கசிகிறதா, நடுவயிற்றில் பலமே இல்லாததுபோல் இருக்கிறதா? அல்லது தொங்கும் தோலா? அல்லது சதையா? மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. தோலின் கீழ் உள்ள கொழுப்பையோ தளர்ந்த தோலையோ எந்தத் தசைப் பயிற்சியும் எடுத்துவிடாது. முதுகு வலிக்கு விலகல்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன நார்வே ஆய்வில், விலகல் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதுகு, இடுப்பு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. முதுகு வலி போய்விடும் என்று நம்பி மட்டும் அறுவைக்குப் போகாதீர்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள். பயிற்சிக்குத் தினமும் இருபது நிமிடம் வேண்டும். அறுவைக்கு ஆறு வாரம் குழந்தையைத் தூக்கவே கூடாது. பணத்தை எண்ணும் முன் இதை எண்ணுங்கள்.

## முதல் வழி: எட்டு வாரம் பொறுத்திருப்பது

செலவில்லாத வழி இது. பிரசவமாகி இரண்டு மாதம் ஆகாதவர்கள் எல்லோருக்கும் இதுவே முதல் வழி. பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருளில்லை. நடுப்பட்டையை மேலும் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். ராத்திரி நான்கு முறை பால் கொடுக்க எழுபவர் ஒரு வாரத்தில் இருபத்தெட்டு தடவை எழுகிறார். ஒரு மாதத்தில் அது நூற்றுக்கு மேல். இந்த ஒரு பழக்கமே பெரிய வித்தியாசம் தரும்.

மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவது வயிற்றின் உள்ளழுத்தத்தை நேரே நடுப்பட்டையின்மேல் தள்ளுகிறது. பச்சை உடம்புக்குத் தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் இங்கே எதிராகவே வேலை செய்கிறது. பால் கொடுப்பவருக்கும் மலம் இளகுவதற்கும் தண்ணீர், காய், கீரை வேண்டும்.

எடை தூக்குவதில் குழந்தையைவிடப் பெரிய ஆபத்து சமையலறையில் இருக்கிறது. வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் அதைப் போல் இரண்டு மடங்கு. தண்ணீர் கேன் 20 கிலோ. மாவோடு சேர்ந்த கிரைண்டர் பானையும் லேசானதல்ல. இவற்றை முதல் மூன்று மாதம் வேறு யாராவது தூக்கட்டும்.

மறைந்த செலவு: எட்டு வாரம் தாண்டியும் 'தானா சரியாயிடும்' என்று ஓராண்டு விட்டுவிடுவது. அதற்குள் அடிவயிற்றையும் இடுப்படித் தசையையும் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை) பயன்படுத்தாமல் உடல் வேறு வழிகளைப் பழகிவிடும். அதை மாற்றக் கூடுதல் மாதங்கள் ஆகும்.

## இரண்டாம் வழி: துணிக்கட்டும் பெல்ட்டும்

பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிற்றைக் கட்டும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் தவறு, அதுவே மருந்து என்பதும் தவறு. கட்டு வயிற்றைத் தாங்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் நாட்களில் இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் வலியைக் குறைக்கும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். ஆகவே இந்த நன்மை நம் ஊரில் சிறியதல்ல. ஆனால் கட்டிக்கொண்டிருப்பதாலேயே இடைவெளி மூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கட்டும் விதத்தில்தான் பிழை நடக்கிறது. இடுப்பெலும்பில் ஆரம்பித்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். கீழே இறுக்கமாகவும் விலாவை நெருங்கும்போது தளர்வாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேரெதிர். இடையில் மட்டும் இறுக்கிக் கட்டுகிறார்கள். பற்பசைக் குழாயை நடுவில் அழுத்துவதுபோல அழுத்தம் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே பிரசவத்தில் தளர்ந்த இடுப்படித் தசை அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. சிறுநீர்க் கசிவு அதிகமாவதும், கீழே ஏதோ இறங்குவதுபோன்ற கனமும் இதனால் வரலாம். கட்டிய பிறகு இரண்டு விரல் தட்டையாக உள்ளே போக வேண்டும், விலா விரியும்படி முழு மூச்சு எடுக்க முடிய வேண்டும். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் அவிழ்த்துக் கட்டுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். சிசேரியன் தையலின் விளிம்பில் பெல்ட்டின் ஓரம் உரசக் கூடாது. சித்திரை வெயிலில் பெல்ட்டுக்குள் வேர்க்குருவும் தொடை மடிப்பில் படையும் வருவது சாதாரணம். அடியில் மெல்லிய பருத்தி பனியன் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிட வேண்டும்.

மறைந்த செலவு: பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய்தான். அது தரும் திருப்தியில் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான நஷ்டம்.

## மூன்றாம் வழி: பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் பயிற்சி

முதல் இரண்டு படி விலகலுக்கு, ஹெர்னியா இல்லாதவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் சரியான வழி. எதை எதிர்பார்ப்பது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியால் அகலம் குறைவது பல ஆய்வுகளில் சிறிய அளவிலேயே இருக்கிறது. கூடுதலாக மாறுவது நடுப்பட்டையின் இறுக்கமும், உள்தசைகள் வேலை செய்யும் ஒழுங்கும். இடைவெளி இரண்டரை விரலிலேயே நின்றாலும், கூம்பாமல் குழந்தையைத் தூக்க முடிந்தால் அது வெற்றிதான்.

முதல் கட்டம். சுகப்பிரசவம் என்றால் முதல் வாரத்திலேயே, சிசேரியன் என்றால் டாக்டர் சம்மதித்ததும் தொடங்கலாம். ஒருக்களித்தோ முழங்கால் மடக்கியோ படுத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவும் வயிறும் விரியட்டும். வெளிவிடும்போது முதலில் சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையை மேலிழுங்கள். கூடவே அடிவயிறு, இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே, மெதுவாக உள்ளே வரும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, முழுமையாகத் தளர்த்துங்கள். பத்து முறை, ஒரு நாளில் மூன்று தடவை. பால் கொடுக்கும் நேரங்களோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

இங்கே நடக்கும் மூன்று தவறுகள்: தொப்புளை முதுகுவரை இழுப்பதாக நினைத்து முழுப் பலத்தோடு இழுப்பது, மூச்சைப் பிடிப்பது, தளர்த்தாமலே அடுத்ததற்குப் போவது. வேண்டிய பலம் முழு முயற்சியில் மூன்றில் ஒரு பங்குதான். விலா எலும்புகள் கீழே அமுங்கினாலோ தோள் இறுகினாலோ அதிகமாக இழுக்கிறீர்கள்.

இரண்டாம் கட்டம். ஆறு வாரத்துக்குப் பிறகு. அதே மூச்சோடு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குவது, ஒரு முழங்காலை மட்டும் பக்கவாட்டில் சாய்த்து மீட்பது, இடுப்பைத் தூக்கிப் பாலம்போல் நிற்பது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு எட்டு முதல் பத்து, இரண்டு சுற்று. கையைத் தொப்புளின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு முகடாக எழும்பினால் அந்தப் பயிற்சி இன்னும் உங்களுக்கானதல்ல, ஒரு படி இறங்குங்கள்.

மூன்றாம் கட்டம். பன்னிரண்டு வாரம் வாக்கில். மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கைகால்களை நீட்டுவது, சுவரில் கைவைத்த பிளாங்க், பிறகு மேசை உயரம், பிறகு தரை. கூடவே ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கிப் பழகுவது. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டுப் படுத்த பயிற்சியோடு நிறுத்துபவர்கள்தான், 'ஆறு மாசம் செஞ்சும் பலனில்லை' என்கிறார்கள். வாழ்க்கையில் நாம் படுத்துக்கொண்டு எடை தூக்குவதில்லை.

தலையைத் தூக்கும் கிரஞ்ச் வகைப் பயிற்சிகளை வாழ்நாள் முழுக்கச் செய்யவே கூடாது என்ற எச்சரிக்கையும் பரவலாக இருக்கிறது. நார்வேயில் விலகல் உள்ள 70 பெண்களிடம் நடத்தி 2023-ல் வெளியான பன்னிரண்டு வாரச் சோதனையில், அத்தகைய பயிற்சி செய்தவர்களுக்கு இடைவெளி கூடவில்லை. ஆரம்பத்தில் வேண்டாம், கூம்பினால் வேண்டாம், பலம் வந்த பிறகு பயம் வேண்டாம் என்பதே நியாயமான நிலை.

எங்கே போவது? மகளிர் நலம், இடுப்படித் தசை ஆகியவற்றில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தனியாரில் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு அமர்வு பெரும்பாலோருக்குப் போதும், மீதி வீட்டில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. சென்னையில் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் மின்சார ஒத்தடம் மட்டும் வைத்து அனுப்பினால் வேறு இடம் தேடுங்கள்.

மறைந்த செலவு: தொடர்ச்சி. பெரும்பாலான பெண்கள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய் வீட்டிலிருந்து திரும்புகிறார்கள். பயிற்சி நிற்பது அந்த வாரத்தில்தான். கிளம்பும் முன்பே, அந்த இருபது நிமிடம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கணவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

யூடியூபும் செயலிகளும் இதே பயிற்சிகளைத்தான் காட்டுகின்றன. காசு மிச்சம். ஆனால் நீங்கள் கூம்புவதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஒரே ஒரு அமர்வு நேரில் போய் அளந்து, சரியாக இழுக்கிறோமா என்று உறுதி செய்துகொண்ட பிறகு வீடியோவைப் பின்பற்றுவது நடைமுறைக்கு ஏற்ற சிக்கனம். அழகு நிலையங்களில் வைக்கும் காந்த அலை, மின் அலைக் கருவிகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலகலுக்கு அவற்றின் நீண்டகாலப் பலன் தெளிவாகவில்லை. மேலும் காப்பர் டி போட்டிருப்பவர்கள் வயிற்றுப் பகுதியில் காந்த அலைக் கருவியை வைக்கவே கூடாது, பிரசவத்துக்குப் பின் நம் ஊரில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்.

## நான்காம் வழி: அறுவை சிகிச்சை

இரண்டு வகை உண்டு, இரண்டும் தீர்ப்பது ஒரே பிரச்சினையை அல்ல.

டம்மி டக் எனப்படும் திறந்த அறுவை. பிளாஸ்டிக் சர்ஜன் செய்வது. சிசேரியன் தழும்பின் உயரத்தில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கீறி, தோலை விலா வரை தூக்கி, நெஞ்செலும்பிலிருந்து கீழ்வரை நடுப்பட்டையை மடித்துத் தைக்கிறார்கள். மிஞ்சிய தோலை வெட்டி, தொப்புளைப் புது இடத்தில் பொருத்துகிறார்கள். முழு மயக்கம், பல மணி நேர வேலை. விலகலும் தொங்கும் தோலும் இரண்டுமே தொல்லை என்றால் இது பொருந்தும்.

துளை வழி அறுவை. லேப்ராஸ்கோப்பி சர்ஜன் செய்வது. சிறு துளைகள் வழியாக நடுப்பட்டையைத் தைத்து, தேவைப்பட்டால் தாங்கலுக்குச் செயற்கை வலை வைக்கிறார்கள். தழும்பு சிறியது. ஆனால் தோலை எடுக்காது. தோல் தளர்ச்சி இல்லாத, ஹெர்னியாவும் விலகலும் சேர்ந்த பெண்களுக்கு இது ஏற்றது. அகலமான விலகல் இருக்கும்போது தொப்புள் ஹெர்னியாவை மட்டும் தைத்துவிட்டால், அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். சர்ஜனிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

எப்போது? பிரசவமாகி ஓராண்டாவது ஆக வேண்டும். பால் நிறுத்திச் சில மாதங்கள், எடை நிலைத்து ஆறு மாதம். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவாகியிருக்க வேண்டும். அடுத்த கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்பதில்லை. ஆனால் தைத்தது மறுபடி தளரும், செலவும் வலியும் வீண். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், சில வகைகள் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும்.

என்ன தவறலாம்? தோலின் அடியில் நீர் கோப்பதுதான் அதிகம். அதற்காகவே குழாய் வைத்து, வடியும் அளவு குறைந்த பின் எடுக்கிறார்கள். தையல் ஓரத்தில் தோல் கருகுவது, தொற்று, தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்துப்போவது, தழும்பு தடிப்பது ஆகியவையும் உண்டு. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் வாரம் கூனி நடக்க வேண்டியிருக்கும். இறுக்க உடை நான்கு முதல் ஆறு வாரம். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தை எட்டு ஒன்பது கிலோ இருக்கும்.

மறைந்த செலவு: மருத்துவமனை சொல்லும் தொகை லட்சங்களில் இருக்கும். அதில் மயக்க மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனைகள், வலையின் விலை, இறுக்க உடை, நீர் கோத்தால் மறுபடி வரும் செலவு எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அழகு அறுவைக்கு மருத்துவ சேவைக்குரிய ஜி.எஸ்.டி. விலக்கு கிடையாது, அதையும் கேளுங்கள். மருத்துவக் காப்பீடுகள் அழகு, பிளாஸ்டிக் அறுவையைப் பொதுவிலக்காக வைத்திருக்கின்றன. விலகல் மட்டும் என்றால் பெரும்பாலும் பணம் வராது. ஹெர்னியா இருந்தால் அந்தப் பகுதிக்கு வரலாம், பல பாலிசிகளில் அதற்கும் 2 ஆண்டு காத்திருப்பு உண்டு. ஸ்கேன் அறிக்கையில் ஹெர்னியா தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, பில் இரண்டாகப் பிரித்துத் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே பேசுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பொறுத்திருத்தல் | கட்டு / பெல்ட் | பயிற்சி | அறுவை |
|---|---|---|---|---|
| ஏற்ற காலம் | முதல் 8 வாரம் | முதல் 6–8 வாரம் | எப்போதும், ஆண்டுகள் கழித்தும் | ஓராண்டுக்குப் பின் |
| இடைவெளி குறையுமா | தானாகக் குறைவது இப்போதுதான் அதிகம் | கட்டால் மட்டும் குறையாது | சிறிதளவு, இறுக்கம் கூடும் | ஆம் |
| ஹெர்னியா சரியாகுமா | இல்லை | இல்லை | இல்லை | ஆம் |
| தொங்கும் தோல் | இல்லை | இல்லை | இல்லை | திறந்த முறையில் மட்டும் |
| பணம் | இல்லை | சில நூறு | சில ஆயிரம் | லட்சங்கள் |
| உண்மையான விலை | தாமதம் | பொய்த் திருப்தி | மூன்று முதல் ஆறு மாத ஒழுங்கு | ஆறு வார ஓய்வு, அறுவை அபாயம் |

## உங்கள் நிலை எது?

பிரசவமாகி ஐந்து வாரம், மூன்று விரல் இறங்குகிறது, பயமாக இருக்கிறது: இன்னும் தானாகத் தேறும் காலம் முடியவில்லை. மூச்சுப் பயிற்சி, ஒருக்களித்து எழும் பழக்கம், வேண்டுமானால் தளர்வான கட்டு. பன்னிரண்டாம் வாரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.

ஏழு மாதம், இரண்டரை விரல், பொதபொதவென்று இருக்கிறது, இருமினால் கசிகிறது: நேராகப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். கசிவைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், சிகிச்சையின் தொடக்கமே அங்கேதான்.

நான்கு ஆண்டு ஆகிவிட்டது, இனிப் பயிற்சி வேலை செய்யுமா என்ற சந்தேகம்: தசை வயது பார்ப்பதில்லை, தாமதமாகத் தொடங்கினாலும் பலம் கூடும். அகலம் மட்டும் அதிகம் மாறாமல் போகலாம்.

இரண்டு விரல்தான், இறுக்கமாக இருக்கிறது, ஆனால் தொப்பை போகவில்லை: உங்கள் பிரச்சினை விலகல் அல்ல. எடை, உணவு, வயிற்று உப்புசம், தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கு விலகல் சிகிச்சை என்று பணம் வாங்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்த குழந்தைக்கு இரண்டு ஆண்டில் திட்டம், விலகல் 4 செ.மீ.: இப்போது பயிற்சி, அறுவைப் பேச்சு அந்தப் பிரசவத்துக்குப் பிறகு. இரண்டு கர்ப்பத்துக்கும் இடையில் வரும் பலம் வீணாகாது.

இரண்டு குழந்தை, குடும்பக் கட்டுப்பாடு முடிந்தது, 5 செ.மீ.க்கு மேல், ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் விரல் உள்ளேயே இறங்குகிறது, கூடவே தொப்புள் ஹெர்னியா: அறுவையைப் பற்றிக் கூச்சமில்லாமல் யோசிக்கலாம். 'அழகுக்காக ஆபரேஷனா' என்று யார் கேட்டாலும், இது வயிற்றுச் சுவரைச் சரிசெய்யும் சிகிச்சை. பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், ஹெர்னியா செய்யும் சர்ஜன் ஒருவர் என இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தக் குறிப்பிட்ட அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், நீர் கோத்தால் என்ன செய்வீர்கள், வலை வைப்பீர்களா, ஏன் என்று இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நாள் குறிக்கும் முன் சின்னவன் தூக்கச் சொல்லி அழும் ராத்திரிகளில், அடுத்த நாற்பது நாளும் யார் எழுந்து தூக்குவார்கள் என்று வீட்டில் ஒருவரின் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பெயர் கிடைக்கும்வரை நாளைத் தள்ளிவையுங்கள்.